1128ஆம் வருஷம் எங்கள் ஊர் எந்த ஜில்லா?

அப்பா போன பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். கூட்டுப்பட்டா நகல் ஒன்று, தீர்வை ரசீதுகள் ஒரு கட்டு, பழைய ரேஷன் கார்டு, அப்புறம் ஒரு துண்டுச் சீட்டு. அதில் ‘412/1128’ என்று பென்சிலில் எழுதியிருந்தது. பாட்டாவின், அதாவது தாத்தாவின் கையெழுத்து. ஆதாரம் மட்டும் இல்லை. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு பக்கத்தில் கிரயமோ, பாகமோ, இஷ்டதானமோ, பதிவு செய்த பத்திரம் எதுவானாலும் ஆதாரம் என்றுதான் சொல்வோம். ஆதார் அட்டை வந்த பிறகு வெளியூர்க்காரர்களிடம் இதை விளக்க வேண்டியிருக்கிறது.

அண்ணன் சவூதியில் இருக்கிறான். அத்தைக்கு வயதாகிவிட்டது. ஆகவே 62 சென்டைப் பாகம் பிரிக்கும் வேலை என் தலையில் வந்தது. பட்டாவில் பாட்டா பெயரும் அவருடைய தம்பி பெயரும் சேர்ந்து கிடந்தன. பாட்டாவுக்கு இந்த இடம் எப்படி வந்தது என்று காட்டும் மூல ஆதாரம் வேண்டும் என்று பதிவு அலுவலகத்தில் சொன்னார்கள். நியாயமான கேள்விதான். அந்த ஒரு தாளைத் தேடி எனக்கு ஒன்பது மாதம் ஆனது. அதில் பாதிக்கு மேல் வீண் அலைச்சல். இதே பக்கத்தில், அல்லது இதே மாதிரி மாநிலம் மாறிய வேறு ஊர்களில், பெட்டியைத் திறந்து பார்த்துத் திகைத்து நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் தவறு அந்தச் சீட்டிலேயே நடந்தது. 412 என்பது ஆதார நம்பர், 1128 என்பது சர்வே நம்பர் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ரசீதில் இருந்த சர்வே நம்பர் வேறாக இருந்ததை, ரீசர்வேயில் மாறியிருக்கும் என்று ஒதுக்கிவிட்டேன். 1128 என்ற சர்வே நம்பருக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். வேறு யாருடைய தோப்போ வந்தது. மூன்று வாரம் அந்தத் தோப்புக்காரர் எங்களுக்கு என்ன உறவு என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

குழித்துறையில் ஒரு வயதான பத்திர எழுத்தர் இருக்கிறார். இப்போது எழுதுவதில்லை. மகன் கடையில் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது வருஷம்லா மக்களே. கொல்ல வருஷம்” என்றார். அப்புறம் கேட்டார்: “அந்த வருஷம் ஒங்க ஊரு எந்த ஜில்லாவுல கெடந்துன்னு தெரியுமா?”

“கன்னியாகுமரி மாவட்டம்தானே பாட்டா?”

“அன்னைக்கு அப்பிடி ஒரு ஜில்லாவே கெடையாது.”

இதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள் என்று நவம்பர் 1ஆம் தேதி மாவட்டத்துக்கு விடுமுறை விடுவதும் தெரியும். ஆனால் அந்தத் தேதிக்கும் என் வீட்டுப் பெட்டிக்கும் தொடர்பு உண்டு என்று அதுவரை எனக்குத் தோன்றவில்லை.

கொல்ல வருஷம் என்கிற மலையாள ஆண்டுக் கணக்கை அவர் அங்கேயே சொல்லிக் கொடுத்தார். சிங்க மாசம், அதாவது நம் ஆவணி பிறக்கும்போது புது வருஷம். ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள தேதியானால் 824ஐக் கூட்ட வேண்டும். ஜனவரி முதல் ஆடி முடிய என்றால் 825. அப்படியானால் 1128 என்பது 1952 ஆகஸ்டில் தொடங்கி 1953 ஆகஸ்டில் முடிகிற வருஷம். மாதம் தெரியாமல் ஆங்கில வருஷத்தைச் சரியாகச் சொல்ல முடியாது. ஆகவே இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துத் தேட வேண்டும். இது தெரியாமல் ஒரு வருஷத்துக்கு மட்டும் மனு போட்டு, ‘இல்லை’ என்று பதில் வாங்கித் திரும்பியவர்கள் பலர் என்றார்.

அன்று இரவு ஒரு நோட்டில், எங்கள் வீடு இருக்கிற இடத்தின் விலாசம் எந்தெந்த வருஷத்தில் என்னவாக இருந்தது என்று எழுதிப் பார்த்தேன். மொத்தத் தேடலிலும் உருப்படியான வேலை அதுதான். முதல் நாளே செய்திருந்தால் அலைச்சல் பாதியாகியிருக்கும்.

1949 ஜூலை 1 வரைக்கும் திருவிதாங்கூர் சமஸ்தானம். அதற்குள் டிவிஷன், தாலுகா, பகுதி, அதற்குக் கீழே கரை, தேசம் என்று போகும். டிவிஷனுக்குப் பேஷ்கார், தாலுகாவுக்குத் தாசில்தார், பகுதிக்குப் பார்வத்தியக்காரர். எங்கள் தெற்குப் பக்கம் ஒரு காலத்தில் பத்மநாபபுரம் டிவிஷன் என்று தனியாகவே இருந்தது, பிறகு திருவனந்தபுரம் டிவிஷனோடு சேர்ந்தது. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து திரு-கொச்சி ஆனபோது டிவிஷன் போய் ஜில்லா வந்தது. திருவனந்தபுரம், கொல்லம், கோட்டயம், திருச்சூர் என்று நான்கு. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் எல்லாம் திருவனந்தபுரம் ஜில்லா. பிறகு 1956 நவம்பர் 1. மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி இந்த நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாகி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்துக்குப் போனது. 1969 ஜனவரி 14 முதல் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது. சில வருடங்களுக்கு முன் கிள்ளியூர், திருவட்டாறு என்று இரண்டு புதிய தாலுகாக்கள் வந்து இப்போது மாவட்டத்தில் ஆறு.

ஒரே மண்ணுக்கு மூன்று தலைமுறைக்குள் இத்தனை விலாசம். ஒரு தாளைத் தேடும்போது, அந்தத் தாள் எழுதப்பட்ட தேதியில் ஊர் எங்கே இருந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். நான் இன்றைய விலாசத்தை வைத்துக்கொண்டு 1953இன் காகிதத்தைத் தேடினேன். எங்கெங்கோ அலைந்ததற்கு அதுவே காரணம்.

இந்த மாற்றங்கள் தாமாக வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் போராட்டம், நேசமணி முதலானவர்களின் உழைப்பு, 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூடு, அதில் போன உயிர்கள். மாநில எல்லைகளை மறுசீரமைக்க அமைத்த பசல் அலி கமிஷனின் 1955 அறிக்கையில் ஐந்து தாலுகாக்கள் தமிழர் பக்கம் வந்தன. கேட்டவற்றில் தேவிகுளமும் பீர்மேடும் நெய்யாற்றின்கரையும் வரவில்லை. அத்தைக்கு அந்த ஆகஸ்ட் நாள் நினைவிருக்கிறது. மார்த்தாண்டம் சந்தைக்குப் போன பாட்டா இருட்டிய பிறகுதான் வந்தாராம். கையில் வெற்றிலைக்கட்டு இல்லாமல் வந்தது அதுதான் முதல் தடவை என்பார். தாலுகா, ஜில்லா என்று நான் நோட்டில் வரிசையாக எழுதியதற்குப் பின்னால் இதெல்லாம் இருக்கிறது.

சரி, தேடலுக்கு வருகிறேன்.

வருஷம் தெரிந்ததும் எங்கள் ஊரை இப்போது பார்க்கிற சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன். ‘இது எங்களிடம் இல்லை’ என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். ஏன் இல்லை, எங்கே இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் அதே பதில். மழையில் நனைந்த மனுவைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. விஷயம் மிகவும் எளிது என்று பிற்பாடு தெரிந்தது. அந்த அலுவலகமே 1953க்குப் பிறகு திறந்தது. புதிதாக ஒரு பதிவகம் திறந்து நாலு ஊரை அதன் கீழ் மாற்றினால், அதற்கு முந்திய புத்தகங்கள் பழைய அலுவலகத்திலேயே இருந்துவிடும். ஆகவே ‘இல்லை’ என்றால், ‘இந்த ஊர் உங்கள் எல்லைக்குள் எந்த வருஷம் வந்தது, அதற்கு முன் எந்த ஆபீஸ்?’ என்று கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல யாரும் மறுப்பதில்லை. மூன்று தடவையும் நான் கேட்காமல் விட்டது இதைத்தான்.

இன்னொரு குழப்பம் எல்லோருக்கும் வருவது. ஒரு ஊருக்கு ஒரே நேரத்தில் பல ஏணிகள் உண்டு. வருவாய்த்துறைக்கு கிராமம், பிர்கா, தாலுகா, மாவட்டம். உள்ளாட்சிக்கு ஊராட்சி அல்லது பேரூராட்சி, அப்புறம் நகராட்சி. பத்திரப்பதிவுக்கு சார்பதிவகம், பதிவு மாவட்டம். கோர்ட்டுக்கு வேறு எல்லை. இதில் ஒன்று மாறினால் மற்றது மாற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கொல்லங்கோடு, ஏழுதேசம் பேரூராட்சிகள் சேர்ந்து 2021இல் கொல்லங்கோடு நகராட்சி ஆயின. அதனால் அங்குள்ள ஒரு மனையின் சர்வே நம்பரோ வருவாய் கிராமமோ மாறிவிடவில்லை. அதே ஏழுதேசம் வருவாய்க் கணக்கில் ஏ, பி, சி என்று மூன்று கிராமம். சமஸ்தானத்தின் ‘பகுதி’ பெரியது. அதை அப்படியே தமிழ்நாட்டு வருவாய் கிராமத்தோடு வைத்துப் பார்த்தால் பொருந்தாது. பழைய ஆதாரத்தில் பகுதியின் பெயர் மட்டும் இருக்கும், ஏ, பி இருக்காது. இன்றைய பட்டா எடுக்கும்போது எந்த எழுத்து என்று தெரியாவிட்டால் கணினியில் வேறு யாருடைய நிலமோ வரும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பி-க்குப் பதில் ஏ என்று எழுதிய ஆதாரத்தைத் திருத்த பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டியிருந்தது. அதற்கு வெளிநாட்டில் இருந்த விற்றவரின் பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். வருஷக்கணக்கில் இழுத்தது.

பழைய அலுவலகத்தில் இணைய வில்லங்கம் உதவவில்லை. நான் பார்த்தபோது 1975க்கு முந்தியது திரையில் வரவில்லை. கையால் தேட மனுக் கொடுத்தேன். அங்கே ஒரு நல்ல எழுத்தர் இருந்தார். ஆதார நம்பரை நம்பித் தேடாமல் பெயர் அட்டவணையில் தேடச் சொன்னார். பதிவகத்தில் முதல் புத்தகம் என்பது அசையாச் சொத்துப் பத்திரங்களுக்கானது. அதற்கு ஆட்களின் பெயர்வாரியாக ஓர் அட்டவணையும் சொத்துவாரியாக ஓர் அட்டவணையும் உண்டு. கட்டணம் கட்டி அவற்றை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ‘உங்களுக்கு என்ன உரிமை’ என்று யாராவது கேட்டால் இந்தப் பிரிவைப் பணிவாகச் சொன்னால் போதும்.

பெயர் அட்டவணையில் பாட்டா பெயர் இருந்தது. ஆனால் அது ஆதாரம் இல்லை. வேறொரு அலுவலகத்தில் பதிவான ஒரு பாகப்பத்திரத்தைப் பற்றிய குறிப்பு மட்டும், நாலைந்து வரி. பதிவான இடம் எது என்று பார்த்தால் எல்லைக்கு அந்தப்புறம், இன்றைய கேரளத்தில்.

எனக்குத் தலை சுற்றியது. எங்கள் வீட்டு நிலத்தின் ஆதாரம் எப்படி அங்கே போய்ப் பதிவாகும்? எழுத்தர் சிரித்துக்கொண்டே சொன்னார், “அன்னைக்கு அதுவும் திருவனந்தபுரம் ஜில்லா, இதுவும் திருவனந்தபுரம் ஜில்லா. நடுவுல ஒரு எல்லையும் இல்ல.”

விஷயம் இதுதான். ஒரே பத்திரத்தில் பல இடத்துச் சொத்து இருந்தால், அதில் ஏதாவது ஒரு சொத்து எந்தப் பதிவகத்தின் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கே முழுப் பத்திரத்தையும் பதியலாம். 28ஆம் பிரிவு. பாட்டாவும் அவருடைய அண்ணனும் தம்பியும் பாகம் வைத்தபோது குடும்பத்துக்குப் பாறசாலைப் பக்கமும் கொஞ்சம் இடம் இருந்திருக்கிறது. மூத்தவர் அங்கே இருந்ததால் அங்கேயே பதிந்துவிட்டார்கள். பதிந்த அலுவலகம், மற்றச் சொத்துகள் இருக்கிற பதிவகங்களுக்கு ஒரு குறிப்பு அனுப்ப வேண்டும் என்று 64ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி வந்த குறிப்புதான் எங்கள் பக்கத்துப் புத்தகத்தில் ஒட்டியிருந்தது. மூன்று வருஷம் கழித்து நடுவில் மாநில எல்லை வந்து விழுந்தது. ஆதாரம் அந்தப்புறம், நிலம் இந்தப்புறம்.

எல்லை ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். 1956க்கு முந்திய ஆதாரம் இந்தப் பக்கம் கிடைக்காவிட்டால் இல்லையென்று முடிவு கட்டாதீர்கள். அன்றைக்கு ஒரே ஜில்லாவுக்குள் இருந்த மற்றப் பதிவகங்களையும் பாருங்கள். குடும்பத்தில் வேறு யாருக்கு எங்கே இடம் இருந்தது என்று வயதானவர்களிடம் கேட்டால் எந்தப் பதிவகம் என்று ஊகிக்கலாம். நான் அத்தையிடம் முதலிலேயே கேட்டிருந்தால், ‘பெரியப்பா வீடு பாறசாலைக்குப் பக்கத்துல இருந்தது’ என்று சொல்லியிருப்பார்.

களியக்காவிளையிலிருந்து பஸ் ஏறினால் பாறசாலை கொஞ்ச தூரம்தான். அந்தப்புறத்து அலுவலகத்தில் இரண்டு தடவை போய், கட்டணம் கட்டி, சான்றிட்ட நகல் வாங்கினேன். குறிப்பில் இருந்த நம்பரும் பக்கமும் கையில் இருந்ததால் தேடும் வேலையே இல்லை. பதினொரு பக்கம். எல்லாம் கையெழுத்து மலையாளம், வரிக்கு வரி நெருக்கம். அச்சு மலையாளம் கொஞ்சம் வாசிப்பேன், பஸ் போர்டு, சினிமா போஸ்டர் அளவுக்கு. இது எறும்பு வரிசை மாதிரி இருந்தது.

பணம் கொடுத்து ஒருவரை மொழிபெயர்க்கச் சொன்னேன். வேகமாகவே செய்து தந்தார். அதைப் பதிவு அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்ததும் புதுச் சிக்கல். எங்கள் பங்கு விவரத்தில் ‘நிலம் 40 சென்ட், புரையிடம் 22 சென்ட்’ என்று எழுதியிருந்தார். புரையிடம் என்றால் வீட்டுமனை, நிலம் என்றால் ஏதோ ஒரு நிலம், பட்டாவில் மனை என்று ஒன்றும் இல்லையே, இது வேறு சொத்தாக இருக்கும் என்று திருப்பிவிட்டார்கள். கையில் ஆதாரம் வந்த பிறகும் அது எங்களுடையது இல்லை என்கிற நிலை.

அன்று சாயங்காலம் அத்தை வீட்டில் போய் உட்கார்ந்து புலம்பினேன். அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “இத வாசிக்க நீ எதுக்கு ஆள் தேடுத? நான் இருக்கேன்லா” என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அத்தை மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்பது எனக்குத் தெரியும். அவர் நாலாம் வகுப்பில் இருக்கும்போது மாவட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது. “அடுத்த வருஷம் ‘அ’னாவுல இருந்து திரும்பத் தொடங்குனேன்” என்று அடிக்கடி சொல்வார். அதைக் கதையாகத்தான் கேட்டிருக்கிறேனே தவிர, அந்த எழுத்து இன்னும் அவர் கண்ணில் இருக்கும் என்று நினைக்கவில்லை.

நகலை மடியில் வைத்து, ஆள்காட்டி விரலை வரியின் கீழ் நகர்த்தி நகர்த்தி வாசித்தார். சில இடத்தில் விரல் நிற்கும், உதடு அசையும், பிறகு நகரும். ‘ஆயிரத்து நூற்றி இருபத்தெட்டாமாண்டு மகரமாசம்’ என்று வந்ததும், “தை மாசம். அப்போ எனக்கு ஏழு வயசு” என்றார். அப்படியானால் 1953 ஜனவரி பாதியிலிருந்து பிப்ரவரி பாதிக்குள். பாட்டாவின் அப்பா பெயர், ஜில்லா திருவனந்தபுரம், தாலுகா விளவங்கோடு, பகுதி, தண்டப்பேர் நம்பர். எல்லைகளுக்கு வந்தார். கிழக்கே தோடு, அதாவது ஓடை. தெற்கே நடைவழி. “தோடுன்னா நம்ம வயக்கரைத் தோடு. இப்போ மூடி ரோடு போட்டாச்சு. வழின்னா மாடு கொண்டுபோற வழி, இப்போ சர்ச்சுக்குப் போற ரோடு.”

நிலத்துக்கு வந்ததும் விரல் நின்றது. “நிலம்னா வயல்லா. மலையாளத்துல நிலம்னு எழுதினா நெல்லு வெதைக்கிற எடம். மேட்டுக்குப் பேரு புரையிடம், வீடு இருந்தாலும் இல்லாட்டியும்.”

இந்த ஒரு வரியில் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. பட்டாவை எடுத்துப் பார்த்தோம். நஞ்சை 16.20 ஏர், புஞ்சை 8.90 ஏர். ஒரு ஏர் 2.47 சென்ட். பெருக்கினால் 40 சென்ட், 22 சென்ட். ஆதாரமும் பட்டாவும் ஒரே சொத்துதான். இன்று அந்த வயலில் வாழை நிற்கிறது, நெல்லைப் பார்த்த ஞாபகமே எனக்குக் கிடையாது. ஆகவேதான் ‘நிலம்’ என்ற சொல்லைப் பார்த்தும் யாருக்கும் வயல் என்று தோன்றவில்லை.

திருவிதாங்கூர் ஆதாரங்களை வாசிக்கிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். எழுத்துத் தெரிந்தவரிடம் கொடுத்தால் போதாது, சமஸ்தானச் சொல் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். போக்குவரவு என்று எழுதியிருந்தால் பெயர் மாற்றம். வண்டி போக்குவரத்து என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். கரம் என்றால் நிலவரி. தண்டப்பேர் நம்பர் நம் பட்டா நம்பர் மாதிரி, ஒரு ஆளின் பெயரில் உள்ள நிலக்கணக்கு. முன்னாதாரம் என்றால் அதற்கு முந்திய மூலப்பத்திரம். அதன் நம்பரும் வருஷமும் உள்ளேயே எழுதியிருப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் பின்னால் போகலாம். உங்கள் வீட்டில் அத்தையைப் போல, அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவர் இருந்தால் அவரை உட்காரவைத்து ஒரு முறை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர்களுக்கு எழுத்தோடு தோடும் வழியும் தெரியும். நான் செல்போனில் பதிந்து வைத்திருக்கிறேன். பின்னணியில் கோழி கூவுவதுகூடக் கேட்கிறது.

பழைய சர்வே நம்பரை ரீசர்வே நம்பரோடு பொருத்துவது அடுத்த வேலை. அது நான் பயந்த அளவுக்கு இல்லை. தாலுகா அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டில் புது நம்பருக்கு நேரே பழைய நம்பரும் இருக்கும். அதன் நகலும் புலப்படமும் வாங்கினேன். பழைய ஒரு நம்பர் மூன்று புது நம்பராக உடைந்திருந்தது. மூன்றையும் கூட்டினால் பரப்பு சரியாக வந்தது. கூட்டிப் பார்க்காமல் ஒரு நம்பரை மட்டும் பிடித்துக்கொண்டால் ‘அளவு குறைகிறது’ என்று திரும்பவும் நிறுத்திவிடுவார்கள்.

இந்த அலைச்சலில் மற்றவர்களுடைய கதைகளும் காதில் விழுந்தன. குழித்துறை எழுத்தரின் கடையில் பார்த்த ஓர் ஆதாரம் 1075ஆம் வருஷத்தது, அதாவது 1900ஐ ஒட்டியது. அதில் ‘இரணியல் தாலுகா’. இன்று இரணியல் கல்குளம் தாலுகாவுக்குள் ஒரு பேரூர். அப்படி ஒரு தாலுகா இருந்தது தெரியாத இளம் அலுவலர், எழுத்துப்பிழை என்று குறித்து வைத்திருந்தாராம். என்னோடு கல்லூரியில் படித்த தோழி செங்கோட்டைக்காரி. அவள் தாத்தாவின் காகிதத்தில் கொல்லம் ஜில்லா, அப்பாவின் சான்றிதழில் திருநெல்வேலி, அவளுடையதில் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம், 2019 நவம்பருக்குப் பிறகு அதே வீட்டுக்குத் தென்காசி மாவட்டம். மூணாறு எஸ்டேட்டில் பிறந்த எங்கள் தெருக்கார அண்ணாச்சி ஒருவருக்குப் பிறப்புச் சான்றில் கோட்டயம் ஜில்லா. இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26இல்தான் வந்தது. அவர் 1968இல் பிறந்தவர். மூணாறு இருக்கிற தேவிகுளம் தாலுகா இடுக்கியில்தானே இருக்கிறது, சான்று போலியா என்று பாஸ்போர்ட் சமயத்தில் அவரைப் படாத பாடு படுத்தியிருக்கிறார்கள். மாவட்டம் உருவான அரசாணையின் நகலை வைத்தபிறகுதான் விட்டார்கள்.

அவர் சொல்லித்தான் நானும் ஒன்று செய்தேன். மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இருக்கிற பக்கத்தை அச்செடுத்து, விளவங்கோடு என்ற பெயரைக் கோடிட்டு மனுவோடு இணைத்தேன். அதன் மேல் ஒரு தாள், என் நோட்டில் எழுதிய விலாச வரிசை. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எந்த மாநிலம், ஜில்லா, தாலுகா, பகுதி அல்லது கிராமம், சர்வே நம்பர், எந்தப் பதிவகம். அந்த ஒரு தாளைப் பார்த்ததும் அதிகாரிகளின் முகமே மாறிவிடும். அவர்களும் பாவம், இருக்கிற வேலைக்கு நடுவில் எழுபது வருஷ வரலாற்றைப் பிரித்துப் பார்க்க நேரம் எங்கே இருக்கிறது? நாம் பிரித்து வைத்துக் கொடுத்தால் அடுத்த பக்கத்துக்குப் போவார்கள்.

பாகப்பத்திரம் போன மாசம் பதிவானது. சொத்து விவரம் எழுதும்போது எழுத்தரிடம் பிடிவாதமாக நின்று சிலவற்றைச் சேர்த்தேன். முந்தைய திருவனந்தபுரம் ஜில்லா, தற்போது கன்னியாகுமரி மாவட்டம் என்று இரண்டையும். பழைய பகுதி, இன்றைய கிராமம் அதன் எழுத்தோடு. பழைய சர்வே, ரீசர்வே. சென்ட், ஏர் இரண்டும். முன்னாதாரத்தின் நம்பர், கொல்ல வருஷம், ஆங்கில வருஷம், பதிவான அலுவலகம். எல்லையில் ‘முன்பு தோடாக இருந்து தற்போது சாலை’ என்று. “இவ்வளவு எதுக்குங்க, பக்கம் கூடுமே” என்றார். ஒரு பக்கம் கூடியது, அவ்வளவுதான். என் அண்ணன் பிள்ளைகள் சவூதியில் வளர்கிறவர்கள். அவர்களுக்குத் தோடும் தெரியாது, தண்டப்பேரும் தெரியாது. நாளைக்கு விளவங்கோட்டை இன்னும் இரண்டாகப் பிரித்தாலும் பிரிப்பார்கள்.

பாறசாலைப் பக்கம் அத்தைக்கும் எங்களுக்கும் ஏழு சென்ட் வருகிறது என்று அந்த நகலில்தான் தெரிந்தது. அதற்குக் கேரளத்து வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவுக்கு மனுக் கொடுத்திருக்கிறேன். இங்கே வாங்கிய வாரிசுச் சான்றைப் பார்த்துவிட்டு, வரும் புதன்கிழமை அசலோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். அத்தையும் கூட வருகிறேன் என்கிறார். பெரியப்பா வீட்டுக்குக் கடைசியாகப் போனபோது பாவாடை சட்டை போட்டிருந்தாராம்.